துண்டுக்குள் ஐந்து விரல்

மார்ச் 11, செவ்வாய்

இன்று காலை சன்மதிக்கு அம்மை போட்டிருப்பது தெரிந்தது. பத்து மணிக்குள் என் மனைவி கோகிலாவைக் காரில் ஏற்றி ஈரோட்டில் இருக்கும் அவள் அண்ணன் தனசேகர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

தினமும் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் எவ்வளவு, கொப்புளம் எப்படி, என்ன சாப்பிட்டாள், எல்லாம். தீவனக் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இருந்தது. இதுவரைக்கும் அதில் வியாபாரத்துக்கு வேண்டிய மாட்டின் பல், சுழி, நிறம் தவிர வேறெதுவும் எழுதியதில்லை.

நோயாளி: சன்மதி, வயது எட்டு, என் ஒரே மகள். காய்ச்சல் நூறு. முதுகிலும் கழுத்திலும் இருபது இருபத்தைந்து கொப்புளம்.

கோகிலாவுக்கு எட்டாம் மாசம். சன்மதிக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை. இது மூன்றாவது. சின்ன வயதில் அம்மை போட்டதா இல்லையா என்று அவளுக்கு ஞாபகமில்லை. சொல்வதற்கு அவள் அப்பா அம்மாவும் இல்லை. போடாதவளாக இருந்து இப்போது வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நேற்று ராத்திரி வரைக்கும் பிள்ளையைக் கட்டிக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

போகும்போது காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பதினான்கு விளையாட்டு எழுதிக் கொடுத்தாள். “டிவியப் போட்டுவுட்டுட்டு உக்காந்துராதீங்க. கைக்கு வேலை குடுங்க. கை சும்மா இருந்தாச் சொறிஞ்சு புண்ணாக்கிக்குவா.”

சன்மதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அம்மா எப்பீங்ப்பா வருவாங்க?”

“ரெண்டு நாள்ல கண்ணு.”

எங்கிருந்து ஒட்டியது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

மார்ச் 12, புதன்

காய்ச்சல் நூற்றி ஒன்று. இரண்டு இட்லி, கொஞ்சம் மோர்.

பட்டியலில் முதலாவது காகிதக் கப்பல். கால் கட்டு, கழுத்துக் கட்டு, மூக்கணாங்கயிறு என்று எத்தனையோ முடிச்சு எனக்குத் தெரியும். காகிதம் மடிக்கத் தெரியவில்லை. மூன்று தாள் வீணாக்கி ஒன்றை நிறுத்தினேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது கப்பல் இல்லீங்ப்பா. செருப்பு.”

இரண்டாவது, மூன்று பருப்பைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒரு படி கலந்துவிட்டேன். சந்தைக்குக் கொண்டுபோகிற அளவு. அவள் ஒரு கைப்பிடி பிரித்துவிட்டு நிமிர்ந்தாள். “இது விளையாட்டா, வேலையா?” என்றாள். மத்தியானம் வரைக்கும் நானே உட்கார்ந்து பிரித்தேன்.

தனசேகர் மச்சான் போன் பண்ணினார். ரத்தம் பார்த்தாயிற்று. கோகிலாவுக்கு அம்மை போட்டதே இல்லை. தடுப்பூசி போலொன்று போட்டிருக்கிறார்கள். ஒட்டிவிட்டதா இல்லையா என்று தெரிய இருபத்தொரு நாள் பார்க்க வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சன்மதியிடம் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

நூற்றி இரண்டு. கொப்புளம் எண்ண முடியவில்லை, வாய்க்குள்ளும் இருக்கிறது. விளையாட்டு ஒன்றும் இல்லை. வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

காய்ச்சல் இறங்குகிறது. அரிப்பு ஏறுகிறது.

கருப்பணன் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டான். இருபது வருஷமாக நானும் அவனும் சேர்ந்து மாடு வாங்கி விற்கிறோம். நான் விலை பேசுவேன், அவன் மாட்டோடு பேசுவான். அவன் பெண்டாட்டி கொடுத்தனுப்பிய இளநீரைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொண்டான். அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் வரக் கூடாது. வீட்டில் இருக்கிற நானும் வெளியே யார் வீட்டுக்கும் போகக் கூடாது. கடைசித் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் இதுதான் சட்டம்.

“ஏனுங், டீச்சரம்மாகிட்டக் கேட்டேனுங்க. பள்ளிக்கொடத்துல வேற ஒரு பிள்ளைக்கும் இல்லையாமா.”

“இருக்கும்டா. வெளிய சொல்லமாட்டாங்க.”

“அதுஞ் சரிதானுங்க.” அவன் தலையைச் சொறிந்தான். “தேர்த் திருவிழா மாட்டுச் சந்தைக்கு இன்னும் ஆறு நாளுதான். அந்தப் புதுச் சோடிக் காளையை நீங்க வராம நான் எப்படிங்க நிறுத்துவேன்?”

“பொறவு பேசிக்கலாம், போ.”

உள்ளே வந்தால் சன்மதி முழங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்கார வைத்துப் பேரம் பேசினேன். சாயங்காலம் வரைக்கும் சொறியாமல் இருந்தால் சைக்கிள்.

“சைக்கிள் வேண்டாம். அம்மா வேணும். ரெண்டு நாள்னீங்க. இன்னைக்கு மூணு.”

பதினாலு வயதில் அடுத்தவன் மாட்டை ஐம்பது மைல் நடத்திக் கொண்டுபோய் விட்டுப் பிழைக்க ஆரம்பித்தவன் நான். என்னிடம் சரக்கில்லை என்று ஒருவனையும் திருப்பி அனுப்பியதில்லை. இவள் கேட்டது என் கையில் இல்லை.

மார்ச் 15, சனி

இன்றைக்கு ஒன்று உருப்பட்டது. பட்டியலில் ஏழாவது: சோப்பு டப்பாவில் மாடு.

கோகிலா ஒன்றையும் தூக்கி எறியமாட்டாள். பீரோவுக்கு மேலே ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை இருந்தது, நல்ல கெட்டி அட்டை. அதை வெட்டி டப்பா மேல் ஒட்டினால் தோல். சோற்றுப் பசைதான். கொம்புக்கு ஐஸ்குச்சி, வாலுக்குக் கயிற்றுப் பிரி. கண்ணுக்குக் கடுகு. அம்மை வீட்டில் தாளிப்பு கிடையாது, அஞ்சறைப்பெட்டியில் சும்மா கிடக்கிற கடுகுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு மாட்டின் விலாவில் தங்க நிறப் பிள்ளையார் வந்துவிட்டார். இன்னொன்றின் தொடையில் ‘தங்கள் நல்வரவை’ என்று இருந்தது.

பஞ்சைத் திமிலாக்கி நடுமுதுகில் ஒட்டினாள்.

“திமில் அங்க இல்ல அம்மிணி. முன்னால, கழுத்து முடியற எடத்துல.”

“இது என்ற மாடு. இதுக்கு இங்கதான்.”

“சந்தையில எவனும் வாங்கமாட்டான்.”

“நீங்க வாங்குவீங்க.”

சிரித்தாள். அம்மை போட்டதிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. மத்தியானம் முழுக்கச் சொறியவில்லை. டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

நடுவீட்டில் சந்தை. மொத்தம் பதினொரு உருப்படி. வயர்க் கூடைதான் தண்ணீர்த் தொட்டி. விலை புளியங்கொட்டையில்.

“நீங்க சந்தையில என்னதாங்ப்பா பண்ணுவீங்க?” என்று கேட்டாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள். நானும் சொன்னதில்லை. திங்கள் ஒரு ஊர், புதன் ஒரு ஊர், அவள் எழுந்திருக்கும்போது நான் வீட்டில் இருப்பதே அபூர்வம்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டேன். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து. வேண்டாமென்றால் எதிராளியின் விரலை மடக்கிவிட வேண்டும். அவள் விரலெல்லாம் கொப்புளம். பூப்போலத்தான் பிடித்தேன்.

“எதுக்கு மூடிக்கணும்?”

“பக்கத்துல நிக்கறவனுக்கு வெலை தெரியக் கூடாதில்ல?”

“ஏமாத்தலாமா?”

“வாயில எத்தனை வேண்ணாலும் பேசலாம். என்ற மாடு பத்து லிட்டர் கறக்கும், இருவது லிட்டர் கறக்கும்னு. துண்டுக்குள்ள புடிச்சுட்டா முடிஞ்சது. அதுல பொய் கெடையாது.”

கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள். பிறகு வியாபாரம் பண்ணினாள். என் விரலை மடக்கி மடக்கி விட்டாள். தப்பான இடத்தில் திமில் வைத்த மாட்டைக் கடைசியில் எட்டுக் கொட்டைக்கு என் தலையில் கட்டினாள். கருப்பணனை விடக் கெட்டி.

ஒரு பசுவை மட்டும் விற்கவில்லை. கோகிலாவின் வளைகாப்புப் பத்திரிகையில் செய்தது. வயிற்றுக்குள் பஞ்சை அடைத்து உப்ப வைத்திருக்கிறாள். ஜன்னல் திட்டில் தனியாக நிற்கிறது.

“அது சினை மாடு. விக்கறதுக்கு இல்ல. கன்னு போட்டப்பறமும் விக்கமாட்டேன்.”

“கன்னு போட்டா ரெண்டையும் தனித்தனியா விக்கலாம் அம்மிணி. வெலை கூட வரும்.”

“பிரிச்சா மாடு கத்தாதா?”

“ரெண்டு நாள் கத்தும்.”

“அப்பறம்?”

“மறந்துரும்.”

அவள் பசுவின் முகத்தை வெளியே ரோட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. கொப்புளம் வற்றத் தொடங்கிவிட்டது. முதல் தண்ணீர். அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்து ஊற்றினேன். தலையில் சிக்கெடுக்கத் தெரியாமல் இரண்டு தடவை அழ விட்டுவிட்டேன்.

தலை துவட்டும்போது என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள். என் கை மேல் போட்டுத் தன் கையையும் உள்ளே விட்டாள்.

“அம்மா எத்தனை நாள்ல வருவாங்க? வாயில சொல்ல வேண்டாம். இதுக்குள்ள சொல்லுங்க.”

ஐந்து விரலையும் பிடித்தேன்.

கணக்கு இல்லாமல் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தண்ணீர். அதோடு வீட்டுத் தீட்டு கழிந்தது. கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே காரில் ஈரோட்டுக்குக் கூட்டிப் போய், மாடியில் நிற்கும் கோகிலாவை வாசலிலிருந்தாவது காட்டிவிடலாம். வருவதும் போய்ப் பார்ப்பதும் பிள்ளைக்கு ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சுவரில் பென்சிலால் ஐந்து கோடு போட்டிருக்கிறாள். வெள்ளையடித்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. திட்டவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்றைக்குத் தேர்ச் சந்தை. முப்பது வருஷத்தில் நான் போகாத முதல் தேர். கருப்பணன் மாடுகளை லாரியில் ஏற்ற வந்தான். அந்தச் சோடியையும் ஏற்றிவிடு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வா என்றேன்.

“என்னங்க இப்படிச் சொல்றீங்க? அந்தச் சோடிக்குத்தான அத்தனை தூரம் போனோம்? கொம்பு, நெறம், உசரம் எல்லாம் ஒண்ணு போல. இன்னொண்ணு கெடைக்குமுங்களா?”

“தொழுவத்துல அது நிக்கறதப் பாக்க முடியல. ஏத்து.”

ஜன்னலிலிருந்து சன்மதி எட்டிப் பார்த்தாள். “அந்தக் காளைங்களாப்பா? அன்னைக்குப் போனமே, அந்தப் பிள்ளை வீட்டுக் காளையா?”

உள்ளே போய் அட்டையை வெட்டு, வெயிலில் நிற்காதே என்றேன்.

சுவரில் இரண்டு கோட்டை அடித்தாயிற்று.

மார்ச் 22, சனி

நேற்று இரண்டாவது தண்ணீர். உடம்பெல்லாம் பொருக்கு. சோறும் பாசிப்பருப்பும் நன்றாகச் சாப்பிடுகிறாள். மாடு பதினேழாகிவிட்டது. உடைந்த வளையலைக் கழுத்தில் கட்டியிருக்கிறாள். நான்தான் கயிறு போட்டுக் கொடுத்தேன்.

கோகிலா பேசினாள். குரல் சரியில்லை. “ஒடம்பு ஒரு மாதிரி அடிச்சுப் போட்டாப்பல இருக்குதுங்க. காலைல இருந்து காயுது. அவகிட்டச் சொல்லிராதீங்க.” பிறகு, சன்மதி போனில் சொல்லியிருந்ததை நினைத்துக்கொண்டு, “அந்தச் சினைப் பசு நிக்குதா?” என்றாள்.

“நிக்குது.”

“எங்க?”

“ஜன்னல்ல. ரோட்டைப் பாத்துட்டு.”



மார்ச் 23, ஞாயிறு

மூன்றாவது தண்ணீர் ஊற்றினேன். பச்சைப் பாவாடை போட்டுக்கொண்டு, செருப்பு டப்பாவில் வைக்கோல் பரப்பிச் சினைப் பசுவை உள்ளே படுக்க வைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் ஐந்து கோடும் அடித்தாயிற்று.

ஒன்பதே காலுக்கு மச்சான் போன். “மாப்ள, வந்துருச்சு. நெஞ்சுலயும் வயித்துலயும் போட்டிருக்குது. ஆஸ்பத்திரியில தனி ரூம்ல சேத்தாச்சு. நீங்க இப்ப வராதீங்க, யாரையும் உள்ள வுடமாட்டேங்கறாங்க.”

வெளியே வந்து, வண்டி ரிப்பேர் என்று சொன்னேன்.

வண்டி அவள் கண் முன்னால்தான் நின்றது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து என் தோளிலிருந்த துண்டை உருவித் தன் கை மேல் போட்டுக்கொண்டு நீட்டினாள்.

“இதுக்குள்ள சொல்லுங்க.”

நான் கையைக் கொடுக்கவில்லை.

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே இடது கைப் பொருக்கை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தாள். ரத்தம் வந்தது. ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்தேன். மிரண்ட காளையைத் தனியாளாகப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். இந்த இரண்டு மணிக்கட்டை என்னால் பிடித்து வைக்க முடியவில்லை. அழுத்தினால் வலிக்கும், விட்டால் உரிப்பாள்.

கோயிலுக்குப் போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஈரோட்டு டாக்டரம்மாவிடம் நானே போனில் பேசினேன். நேற்றிலிருந்து விட்டு விட்டு வலி வருகிறதாம். வலியை நிறுத்த மருந்து ஏற்றுகிறார்கள்.

“எவ்வளவு செலவானாலும் பரவாயில்லைங்கம்மா. எங்க கொண்டு போகச் சொன்னாலும் கொண்டு போறேன்.”

“செலவுப் பேச்சே இல்லீங்க. நாள்தான் வேணும். தாய்க்கு அம்மை வந்து அஞ்சு நாளாவது குழந்தை உள்ளேயே இருந்தாத்தான் தாய் உடம்புல ஊறுற காப்பு அதுக்கும் போகும். அதுக்கு முன்னால பொறந்துட்டா ரொம்பக் கஷ்டம்.”

“அஞ்சு நாள்தானுங்களா?”

“அஞ்சு.”

போனை வைத்த பிறகும் அந்த எண் காதிலேயே நின்றது. நான் இஷ்டத்துக்குப் பிடித்துக் கொடுத்த அதே ஐந்து.

நான் வந்து வாசலிலாவது நிற்கிறேனே என்றதற்கு, “அங்க வந்து என்ன பண்ணுவீங்க மாப்ள, பிள்ளைகூட இருங்க” என்றார் மச்சான். சரிதான். அங்கேயும் எனக்கு வேலையில்லை. இங்கேயும் பிள்ளை என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பதினேழு மாட்டையும் அவளே அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். பட்டியலில் பாக்கியிருந்ததை எல்லாம் கொண்டுவந்து வைத்தேன். தட்டில் கோலமாவு, தேங்காய் ஓட்டில் சாயம், பாட்டில் மூடியில் தேர். எதையும் தொடவில்லை. ஆகட்டும் என்று நானே ஒரு தேர் செய்தேன். நாலு சக்கரமும் நாலு பக்கம் போனது. பார்க்கவில்லை.

சோறு ஊட்டும்போது கேட்டாள்.

“அம்மாவுக்கும் அம்மை போட்டிருக்குதா?”

மறைத்துப் பிரயோசனமில்லை. ஆமாம் என்றேன்.

“நான்தான ஒட்ட வெச்சேன்?”

“இல்ல கண்ணு.”

“பின்ன யாரு?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

டாக்டருக்காக எழுதுகிற டைரி இது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஊருக்குச் சோடிக் காளை பார்க்கப் போனோம். லீவு நாள் என்று சன்மதியும் கூட வந்தாள். அந்த வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. கருப்பணன் வாசலிலேயே நின்றுவிட்டான். “ஆத்தா இருக்கற வீடுங்க. இன்னொரு நாளைக்கு வரலாம்” என்றான். இன்னொரு நாள் வந்தால் இன்னொருத்தன் ஓட்டிக்கொண்டு போயிருப்பான். அப்படி ஒரு சோடி. வேப்பிலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளை வெயிலில் நிற்கிறாளே என்று அவளையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

முதல் நாளே எனக்குத் தெரியும். பதினொன்றாம் தேதிப் பக்கத்தில் ‘பள்ளிக்கூடத்தில் இருக்கும்’ என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

அவளிடம் சொல்லவில்லை. மோர் ஊற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 26, புதன்

டாக்டரம்மா கேட்ட ஐந்தில் மூன்றாவது நாள். வலி நிற்கிறது, மறுபடியும் வருகிறது. சன்மதி சாப்பிட்டது அரை இட்லி.

மார்ச் 27, வியாழன்

நாலாவது நாள்.

காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று முகத்துத் தழும்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு வராம இருந்திருந்தா அம்மாவுக்கு வந்திருக்காது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, திருட்டு மாடு ஓட்டி வந்தவனைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

தரையில் உட்கார்ந்து துண்டை விரித்தேன். வரவில்லை. துண்டை ஓரமாக வைத்துவிட்டு வாயாலேயே சொன்னேன். காளை, வேப்பிலை, கருப்பணன் தடுத்தது, எதையும் விடவில்லை. “நீ ஒட்ட வெக்கல அம்மிணி. கொண்டாந்தது நான்.”

ஓரமாகக் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்த வீட்டுப் பிள்ளை என்ற கூடப் பல்லாங்குழி ஆடுச்சு” என்றாள் பிறகு. “அது கையெல்லாம் புள்ளி இருந்துச்சு. நான் வந்து உங்ககிட்டச் சொன்னேன். நீங்க துண்டுக்குள்ள கைய வுட்டுட்டு, ‘சும்மா இரு அம்மிணி, பேசிட்டிருக்கறோமில்ல’ன்னீங்க.”

இது எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்குக் கைக்குள் இருந்த விலை, காளையின் சுழி, மழமழவென்ற கொம்பு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இவள் பக்கத்தில் வந்து நின்றது ஞாபகத்தில் இல்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“சொல்லுவீங்களா?”

“சொல்றேன்.”

“எப்ப?”

வாய் தானாக ஒரு நாளைச் சொல்லப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன். “அம்மா எந்திரிச்சு உக்காந்த ஒடனே” என்றேன்.

அவள் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள். மன்னித்தாளா என்று கேட்க எனக்கு வாயில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஐந்தாவது நாள். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா பத்து மணிக்கு வந்து பார்த்தார்களாம். பன்னிரண்டு மணிக்கு மறுபடி வலியாம். இரண்டு மணிக்கு நின்றிருக்கிறது. மூன்று மணிக்கு மச்சான் போனை எடுக்கவில்லை. மூன்றரைக்கும் எடுக்கவில்லை. நாலு மணிக்கு எடுத்து, “டீ குடிக்கப் போனேன் மாப்ள” என்றார். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

சன்மதி என்னைக் கூப்பிடாமலே அட்டைப்பெட்டியைத் திறந்து மாடுகளை வரிசையாக நிறுத்தினாள். சினைப் பசு மறுபடி ஜன்னலுக்குப் போயிற்று. கோகிலா எழுதிய காலண்டர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று நாளில் அவளாக என்னிடம் கேட்ட ஒரே சாமான். குச்சியைக் கொட்டிவிட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஏழாவது நாள். இன்று பகல் பதினொன்றரைக்குப் பிறந்தது. பெண். ஒண்ணே முக்கால் கிலோ. மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கோகிலா இரண்டு அறை தள்ளி இருக்கிறாள். பொருக்கெல்லாம் காய்ந்து விழும் வரைக்கும் அவள் குழந்தையைத் தொடக் கூடாது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையாம், அழுத சத்தம் மட்டும் கேட்டதாம்.

“எத்தனை நாளுங்க மச்சான்?”

“சொல்ல முடியாதுன்னுட்டாங்க மாப்ள. கொழந்தைக்கும் அம்மை வருமா வராதான்னு பாக்கணுமாமா.”

அதை அப்படியே சன்மதியிடம் சொன்னேன். பெண், ஒண்ணே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டி, இரண்டு அறை தள்ளி, எத்தனை நாள் என்று தெரியாது. நாள் குறிக்காமல் நான் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை.

“அம்மா கத்துவாங்களா?” என்று கேட்டாள்.

“கத்துவாங்க கண்ணு.”

“மறந்துருவாங்களா?”

“மறக்கமாட்டாங்க. மாடும் மறக்காது. அன்னைக்கு நான் தெரியாமச் சொன்னேன்.”

ஜன்னலுக்குப் போனாள். பசுவின் வயிற்றிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள். தீப்பெட்டியில் செய்து, எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த கன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். காது இரண்டும் வளைகாப்புப் பத்திரிகைத் துண்டு. கண் ஒரு கடுகுதான், இன்னொன்று விழுந்துவிட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்து துண்டைப் போட்டாள்.

பழக்கதோஷத்தில் நான் விரலை நீட்டினேன். அவள் என் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினாள். மடக்கிய கையை விடாமல் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, வாயால் பேசினாள். நானும் வாயால் ஒத்துக்கொண்டேன். அவள் கை சொரசொரவென்று இருந்தது, பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் புதுத்தோல்.

பேசி முடித்தது: பசுவும் கன்றும் சேர்த்தே எனக்கு. பிரித்து விற்பதில்லை, நான் வாங்கிய பிறகும் பிரிக்கக் கூடாது. அம்மாவும் பாப்பாவும் ஒன்றாக வாசல்படி ஏறும் அன்றைக்குக் கை மாறும், அதுவரைக்கும் ஜன்னலில் நிற்கும். நாள் குறிக்கவில்லை. விலை, ஈரோட்டிலிருந்து வரும் சேதியைக் கூட்டாமல் குறைக்காமல் தினமும் காலையில் அவளிடம் சொல்வது. அச்சாரமாக இன்றைய சேதியைக் கொடுத்துவிட்டேன்.